அப்பன் ஜாடை

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணி ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றாலே ஆண்கள் தலைதெறிக்க ஓடிய காலம். அப்போது பட்டு நெசவாளி ஒருவர் தானாகவே வந்து செய்துகொண்டார். மோவாயில் ஆழமாகக் குழி விழுந்த ஆள். “ரெண்டு புள்ள போதும்மா. இன்னொண்ணுன்னா அவ ஒடம்பு தாங்காது” என்றார். எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

உடனே பலன் கிடைக்காது, மூன்று மாதமாவது நிரோத் உறை போட வேண்டும் என்று சொல்லி, கைநிறையப் பாக்கெட் கொடுத்தனுப்பினோம். தீர்ந்துவிட்டதென்று திரும்பத் திரும்ப வந்து வாங்கிப் போனார். என்ன ஒழுங்கான மனிதர் என்று நானும் நர்சும் மெச்சிக்கொண்டோம்.

சில மாதங்களில் அவர் மனைவி வாந்தியோடு வந்தாள். பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆடிப்போய்விட்டாள்.

“அவருக்குத்தான் ஆப்ரேசன் ஆயிடுச்சே, எப்படீங்க?”

“நிரோத் போட்டாரா இல்லையா?”

“அத நான் கண்ணால பாத்ததே இல்லீங்க.”

அப்படியானால் அத்தனை பாக்கெட்டும் எங்கே போயிற்று? அவரை அழைத்து வரச் சொன்னேன். அவர் வரவில்லை. அவளைத்தான் தெருவில் நிறுத்தி, “நான் ஆப்ரேசன் பண்ணிக்கினவன், இது யார்துடி?” என்று ஊர் கேட்கக் கத்தி, சேத்துப்பட்டில் இருந்த தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டார்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். என் கண்ணெதிரே ஒரு பாக்கெட்டைக் கிழித்து, உள்ளே இருந்த ரப்பரை எடுத்து, இழைக்குக் குறுக்கே ஓடும் நாடாக்கட்டையில் வழவழவென்று தேய்த்தார். தேய்த்ததும் தூக்கி எறிந்தார். கூச்சமே இல்லை.

“எண்ணெ போட்டா பட்டுல கறை புடிச்சிக்கும். இது போட்டா நாடா வழுக்கிகினு ஓடும். தெருவுல எல்லாரும் இதான்மா பண்றாங்க.”

சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை. மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் நிற்கிற தண்ணீர் கொஞ்ச நேரம் வருமில்லையா, அப்படித்தான் என்று விளக்கினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் சோதித்தே காட்டுகிறேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

“தெருவே கேக்கற மாதிரி பேசிட்டேன். இப்ப தப்பு என்னுதுன்னா சிரிப்பாங்களே” என்றார். பிறகு நிமிர்ந்து, “நீங்களும் பொம்பள. பொம்பளைக்குத்தான் பரிஞ்சி பேசுவீங்க” என்றார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். அவர் சோதனைக்கு வரவேயில்லை.

சேத்துப்பட்டுக்கு ஆள் அனுப்பி அவளை வரவழைத்தேன். வேண்டாமென்றால் கலைத்துவிடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது, உன் உடம்புக்கும் அதுதான் நல்லது என்றேன்.

“கலைச்சா அவுரு சொன்னது நெசம்னு ஆயிடும்ங்க” என்றாள்.

ரத்தமில்லாத உடம்போடு அந்தப் பிள்ளையைச் சுமந்தாள். பிரசவத்தில் அவளைப் பிழைக்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெண் குழந்தை. மோவாயில் அதே குழி.

எட்டிப் பார்த்த அவள் மாமியார், “அப்பன உரிச்சி வெச்சிருக்குது!” என்று கூவினாள். அன்று சாயங்காலமே அவர் ஆற்காட்டு மக்கன் பேடாவோடு வந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவர். யாரும் கேட்கவுமில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கி ஊட்டுக்குக் கூட்டிகினு போறாராம்.”

“போகிறாயா?”

அவள் குழந்தையின் மோவாயை விரலால் தொட்டபடி இருந்தாள்.

“டாக்டரம்மா, இது என் ஜாடையில பொறந்திருந்தா?”