மார்சேய் வேண்டாம், அப்பா பார்த்தாச்சு

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் விடுமுறைக்குக் காரைக்கால் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னாள். வரும் மே மாதம் நானும் என் மனைவியும் அவள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து எல்லோருமாக ரயிலில் ஐரோப்பாவைச் சுற்றுவதாகத் திட்டம். எந்த ஊர், எந்தக் கடற்கரை என்பதை அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் டிக்கெட் விலை ஏறிவிடுமாம்.

"அம்மா, நீ மொதல்ல சொல்லு. மலையா, கடலா?"

"ரெண்டும்தான். ஆனா சர்ச் சர்ச்சா ஏத்தி எறக்காத. எங்கயாவது ஒரு எடத்துல உக்காந்து நாலு மனுசங்களப் பாக்கணும்."

வெனிஸ் வந்தது. ஜெனோவா வந்தது. அங்கிருந்து நீஸ் வரைக்கும் தண்டவாளம் கடலோரமாகவே போகிறதென்று மகள் படம் காட்டினாள். என் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். மகளின் விரல் வரைபடத்தில் இன்னும் கொஞ்சம் மேற்கே நகர்ந்து, இன்னொரு பிரெஞ்சுத் துறைமுகத்தில் நின்றது.

"மார்சேய் வேண்டாம், அப்பா பாத்தாச்சு. அங்க போற நாளப் பாரிசுக்குக் குடுத்துடலாம்."

"ஆமா, ஒங்கப்பா சொல்லிச் சொல்லி நானே பாத்தாப்புலதான் இருக்கு" என்றாள் என் மனைவி.

நான் மார்சேயைப் பார்த்ததில்லை. பம்பாயைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

படிப்பை முடித்த வயதில், பிரான்சில் இருந்த தூரத்து மாமா ஒருவர் மார்சேய் போகும் கப்பலில் எழுத்தர் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். வரிச்சிக்குடியிலிருந்தும் விழிதியூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து மாலை போட்டு அனுப்பினார்கள். பம்பாயில் கப்பல் கம்பெனியின் மருத்துவர் என் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, கடல் வேலைக்கு ஆகாது என்று எழுதிவிட்டார். அந்த மாலைகளை நினைத்ததும் ஊருக்குத் திரும்பும் தைரியம் போய்விட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். என் அறையில் தங்கியிருந்தவர் எங்கள் ஊர்க்காரர், முஸ்லிம் மாலுமி, மார்சேய்க்குப் பல தடவை போய்வந்தவர்.

"துறைமுகம் ஊருக்குள்ளாறயே வந்து நிக்கும் தம்பி. காலையில பொம்பளைங்க படகோட படகா நின்னு மீன் விப்பாங்க. ரயிலடியிலேர்ந்து எறங்குனா அம்மாம் பெரிய படிக்கட்டு" என்பார் அவர்.

அவருடைய மார்சேயை நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். நடைபாதையில் வாங்கிய பழைய கோட்டும் வெளிநாட்டு சோப்பும் போதுமான சாட்சிகளாக இருந்தன. கடல்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பிவிட்டேன் என்றேன். பிறகு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியரானேன். பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள், சொன்னேன். நாளாக ஆக, அந்தப் படிக்கட்டில் நானே இறங்கி வந்ததுபோல் கால்களில் ஒரு ஞாபகம்கூட உண்டாகிவிட்டது.

இதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மகளுக்குக் குழந்தை பிறக்கவிருந்தபோது எங்கள் இருவரையும் அழைத்தாள். "அப்படியே உங்க மார்சேய்க்கும் ஒரு நடை போயிட்டு வருவோம்பா, நீங்கதான் வழி காட்டணும்" என்றாள் சந்தோஷமாக. மூட்டுவலி என்று படுத்துவிட்டேன். என்னை அப்படியே விட்டுவிட்டுப் போக என் மனைவிக்கு மனம் வரவில்லை. பிரசவ மருந்தும் பூண்டுப் பொடியும் பார்சலில் போயின. மகள் ஊருக்கு வந்து, என் மனைவி பேரனை முதன்முதலில் மடியில் வைத்தபோது அவன் நடக்கவே தொடங்கியிருந்தான்.

மனசாட்சி உறுத்தியதால் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அது காரணமில்லை. மறுநாள் மாலை மகள் டிக்கெட் எடுத்துவிடுவாள். அதற்குள் வாய் திறக்காவிட்டால் நீஸ் வரைக்கும் போய்விட்டு மார்சேயைப் பார்க்காமலே திரும்ப வேண்டும். இந்த வயதில் இன்னொரு பயணம் கிடைக்காது. எனக்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் மனைவி திருவேட்டக்குடி மீன்காரம்மாவிடம் வாங்கிய கிழங்கா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கண், துணிக்கடை, மாலுமி.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா! அந்தப் படிக்கட்டுகூடவா?"

மனைவி சிரிக்கவில்லை. கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள்.

"அப்ப மூட்டுவலி?"

"அதுவும் பொய்தான்."

"மாசக்கணக்கா தைலம் தேச்சேனே!"

மகளின் சிரிப்பு நின்றது. "அம்மா வரலன்னு அங்க எப்படி அழுதேன் தெரியுமாப்பா" என்றாள். தப்பு பண்ணிவிட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன். அந்தச் சொல் எவ்வளவு சிறியது என்று எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு மீன் குழம்பு எனக்கும் ஊற்றப்பட்டது, ஆனால் பேச்சில்லாமல். டிக்கெட் எடுப்பதை மகள் தள்ளிவைத்தாள். இரண்டு நாள் கழித்து மேசைக்கு வந்து உட்கார்ந்தவள் என் மனைவிதான்.

"கம்ப்யூட்டர எடு. இனிமே ஊர நான் சொல்றேன்" என்றாள் மகளிடம். "மார்சேய் உண்டு. அந்த மீன் விக்கிற எடத்த நான் பாக்கணும். பாரிஸ் வேணாம்."

"பிரான்சுக்குப் போயிட்டு பாரிசப் பாக்கலன்னா ஊர்ல சிரிப்பாங்கம்மா."

"கேக்குறவங்களுக்கு ஒங்கப்பாவ விட்டு பாத்தேன்னு சொல்லச் சொல்லு. அவருக்கா தெரியாது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் அவள் என்னைக் கிண்டல் செய்யத் தொடங்கிவிட்டாள் என்பதில் மூச்சு கொஞ்சம் சீரானது.

எனக்கு ஒரு நிபந்தனையும் போட்டாள். "கெளம்பறதுக்கு முன்னாடி, கதை சொன்ன எடத்துலயெல்லாம் உண்மையச் சொல்லிட்டு வாங்க. வந்து நான் சொல்றப்ப ஒங்க மார்சேயும் எம் மார்சேயும் இடிக்கக் கூடாது."

கடற்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களிடமிருந்து ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் வியாபாரம் செய்து திரும்பிய என் பழைய நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி வாத்தியாரே! ஒன் கதையத்தான்யா நான் அங்க போயி என் கதைன்னு சொல்லி வச்சிருக்கேன்!" சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், என்னிடம் படித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்துபோய்விட்டார். அவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

இப்போது தினமும் சாயங்காலம் என் மனைவியும் என்னோடு கடற்கரைக்கு வருகிறாள். அங்கே நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அரசலாறு கடலில் சேருமிடம் வரை போய்த் திரும்புகிறோம். புது ஷூ அவளுக்கு இன்னும் பழகவில்லை. நேற்று பாதி வழியில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கயும் அலை இப்படித்தான் அடிக்குமா?"

வழக்கம்போல் ஒரு பதில் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியல" என்றேன்.

"சரி, நடங்க" என்றாள். "பாத்துட்டு வந்து சொல்வோம்."