அம்மனுக்கு எடுக்காத அளவு

நனைந்த கம்பளியின் கனத்த வாடையும் கற்பூரப் புகையும் ஒன்றாய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மாதிரி இருக்கும் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். டயகமப் பக்கத்து மலைச்சரிவில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். பெண்கள் மலையிலிருந்து இறங்கி, குளித்து, மழைக்குத் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். தகரக் கூரை, சன்னல் இல்லாத கருவறை, உள்ளே ஒற்றை எண்ணெய் விளக்கு. அந்த மங்கல் வெளிச்சத்தில் பட்டும் மாலையுமாக நிற்கும் அம்மனை அண்ணாந்து பார்த்தே எங்களுக்குப் பழக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த ஆண்டு, என் தம்பி செல்வத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டாக்டரையா மருந்தைக் கொடுத்துவிட்டு, "இனி ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா பிள்ளையை மடியில் போட்டபடியே, அவன் பிழைத்தால் வருகிற திருவிழாவில் அம்மனுக்குச் சிவப்புப் பட்டில் பாவாடை தைத்துச் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்தான். நேர்ந்ததை அம்மன் உடுத்திக்கொண்டால்தான் கடன் தீரும், உடுத்தாமல் போனால் கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்பாள் என்பது அம்மாவின் பயம். எப்படியோ ஒரு பட்டு வாங்கியாயிற்று, இன்னொன்று வாங்க எங்களுக்கு வழியில்லை.

துணியை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். தையற்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "யாருக்குத் தங்கச்சி? புள்ளைக்கா?" என்றார்.

"இல்லைங்க நானா. எங்க அம்மனுக்கு."

"இடுப்பு எத்தனை, நீளம் எத்தனை?"

"சாமிக்கு எப்படிங்க நாங்க அளவெடுப்போம்?"

நானா சிரித்தார். "ஆளையும் காட்ட மாட்டீங்க, அளவும் சொல்ல மாட்டீங்க. நான் எதைப் பாத்து வெட்டுறது? போய்க் கேட்டுக்கிட்டு வாங்க."

பூசாரி மாமாவிடம் கேட்டோம். நாள் தவறாமல் அம்மனை நீராட்டி உடுத்துகிறவர் அவர்தான். ஆனால் முகத்தைச் சுளித்தார்.

"குழிக்கும் பொணப்பெட்டிக்குந்தான் தாயி அளவெடுப்பாங்க. தெய்வத்துக்கு நாடா புடிக்கலாமா?"

"நீங்க தினமும் பாக்குறீங்களே மாமா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் பாக்குறது என்னோட இருக்கட்டும். நீங்க பாக்குறதுக்குத் தைங்க."

அப்படி ஒரு வழக்கம் அங்கே. 'கண் மதிப்பு' என்பார்கள். கும்பிடுகிறவர்களின் கண்தான் அம்மனுக்கு அளவுகோல்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களுக்கு மதிப்புக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். கரும்பலகை எத்தனை அடி என்று ஆளுக்கொரு அளவு சொல்ல வேண்டும், பிறகு அடிக்கோலால் அளந்து பார்க்க வேண்டும். நான் ஐந்தடி என்றேன், இருந்தது நான்கடி. பிசகு ஓரடி. அதைச் சொன்ன ஐந்தால் வகுத்து, நூற்றுக்கு இருபது என்று எழுதிக் காட்டினேன்.

"நீ நெனச்சதுக்கா பிசகு? இருக்கிறதுக்குத்தானே பிசகு. இருக்கிறதால வகு" என்று வாத்தியார் காதைத் திருகினார். நான்கால் வகுத்தால் நூற்றுக்கு இருபத்தைந்து. ஒரு பிள்ளை கூட்டிச் சொன்னால் இன்னொரு பிள்ளை குறைத்துச் சொல்லும், கண் மதிப்பு என்றால் இரண்டு பக்கமும்தான் சாயும் என்றார். அந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, லயத்து வரிசையில் எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அடுத்த காம்பராவில் இருந்த அத்தை, அம்மனுக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை பதினைந்து அங்குலம் என்றாள். நானும் அதையே சொன்னேன். அப்பா பதினெட்டு என்றார். அம்மா மட்டும் எழுந்து நின்று, தன் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். கோலை வைத்துப் பார்த்தேன், இருபத்துநான்கு.

"ஏன் மதினி, நீங்க கும்பிடுறது அம்மனையா, ஆலமரத்தையா?" என்று அத்தை கேலி செய்தாள்.

"என் புள்ளைய அவ தூக்கி நிறுத்தினா. நான் பாத்த ஒசரம் அதுதான்" என்றாள் அம்மா. நேர்ந்தது அவள், அதனால் அவள் சொன்ன அளவுக்கே தைத்தாயிற்று.

திருவிழா அன்று காலையில் பூசாரி மாமா பாவாடையை வாங்கிக்கொண்டு திரையை இழுத்து மூடினார். வெகுநேரம் திரை விலகவில்லை. அம்மா தம்பியை இடுப்பில் இறுக்கிப் பிடித்த பிடியில் பிள்ளை அழவே ஆரம்பித்துவிட்டான். பிறகு மணி அடித்தது. சிவப்புப் பட்டு மடிமடியாய் விழ, தரைவரை நிறைந்து நின்றாள் அம்மன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அம்மா அழுதாள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறு ஆண்டு காற்றுமழையில் கோயில் கூரைத் தகரம் பிய்ந்துபோனது. வேலை முடியும்வரை அம்மனைப் பக்கத்துக் கொட்டகையில் எழுந்தருளச் செய்திருந்தார்கள். நீராட்டப் பூசாரி மாமாவிடம் தண்ணீர் சுமந்து போன அம்மாவும் நானும் அங்கேதான் அவளை முதன்முதலில் பட்டும் மாலையும் பீடமும் இல்லாமல், ஒரு மஞ்சள் துண்டோடு பார்த்தோம். பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. பெட்டி இரண்டடி உயரம் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மன் அதன் விளிம்பைக்கூட எட்டவில்லை. அவள் இடுப்பு பெட்டியின் பாதிக்கு வந்தது. ஓரடி, பன்னிரண்டு அங்குலம்.

கணக்குப் போடாதே என்றால் மனது கேட்கிறதா? அத்தைக்கும் எனக்கும் நூற்றுக்கு இருபத்தைந்து பிசகு, அப்பாவுக்கு ஐம்பது. அம்மாவுக்கு நூற்றுக்கு நூறு.

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அப்ப நான் கொடுத்தத அவ உடுத்தவே இல்லையா மாமா?"

பூசாரி மாமா அவசரப்படாமல் பதில் சொன்னார். "உடுத்தினாளே தாயி. இடுப்புல கட்டாம கழுத்துக்குக் கீழ கட்டினேன். மிச்சம் பீடத்த மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. எல்லாருக்கும் அப்படித்தான். அப்படிப் பெருசா உடுத்தினதப் பாத்துத்தான் அடுத்தவங்களும் பெருசாத் தைக்கிறாங்க." பிறகு அம்மனின் மஞ்சள் துண்டைச் சரிசெய்துகொண்டே, "இத்தனை வருசத்துல சின்னதா ஒருத்தர்கூடத் தைச்சுக் கொண்டாந்ததில்ல" என்றார்.

வாத்தியார் சொன்னதற்கு மாறாக, ஒரே பக்கம் மட்டும் சாயும் கண் மதிப்பும் ஒன்று உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அம்மா விழுந்து கும்பிட்டு எழுந்தாள். வழியெல்லாம் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள், பயம் அவள் குரலில் இல்லை.

அம்மாவும் பூசாரி மாமாவும் இப்போது இல்லை. தகரக் கூரை போய்ச் சிமெந்துக் கோயில் வந்துவிட்டது. கருவறைக்குள் வெள்ளை விளக்கு எரிகிறது, அம்மன் உள்ளபடி தெரிகிறாள். அவள் அளவு நுவரெலியாவில் துணிக்கடைக்காரர்களுக்கே மனப்பாடம். போன ஆடியில் என் பேத்திக்காக நேர்ந்துகொண்டு பாவாடை வாங்கப் போனேன். கடைக்காரப் பிள்ளை, "அந்தக் கோயிலுக்குப் பன்னெண்டு தானேம்மா?" என்று எடுத்து நீட்டினான். ஒரு சாண் கூட்டித் தைக்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

புது ஐயர் நல்ல பிள்ளை. கூடுதலாக இருந்ததை உள்ளே மடித்து, நான்கு ஊசி குத்தி, இடுப்பிலே அழகாகக் கட்டிவிட்டார். அம்மா பார்த்த உயரம் அந்த மடிப்புக்குள் போய்விட்டது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.