மெம்பர் வாய் திறக்காத தேர்தல்

நடந்தது இதுதான்:

1. தீபாவளி கழிந்ததிலிருந்து அப்பாவின் குரல் கம்மிக்கொண்டே வந்தது.
2. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, ஆடாதொடை… எல்லாம் ஆயிற்று. குரல் திரும்பவில்லை.
3. அந்தத் தொண்டையோடு ஜில்லா போர்டு தேர்தலுக்கு மனுப் போட்டார்.
4. ஆவடியில் ரயிலேற்றி, நான் வேலை பார்க்கிற பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.
5. டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ஒரு மாதமாகப் பத்திரிகையில் இந்தப் பகுதி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, ஐந்தாவதுதான் பதில்.

நான் எக்ஸ்-ரே பிரிவில் இருக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். பிளேட்டைக் கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வேலை. பக்கத்து அறையில்தான் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்தியம். அங்கே பெஞ்சியில் காத்திருப்பவர்களின் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் காலையில் அந்தக் குரலில் அப்பா, "காப்பி ஆச்சா?" என்று கேட்டார்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.  

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்நாணில் ஒரு வளர்ச்சி. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். புற்று என்றால் ஆபரேஷன். சீக்கிரம் வந்தால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, குரலுக்கு உத்தரவாதமில்லை. அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"எலெக்‌ஷன் முடிஞ்சு வர்றேனே…" என்றார் அப்பா.

"உங்க தொண்டைக்கு எலெக்‌ஷன் இருக்கறது தெரியாதுங்க" என்றார் டாக்டர்.

அப்பாவை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெம்பர். அவ்வளவுதான். அம்மாகூட, "மெம்பர் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பாள். அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது குரல்தான். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மதகுத் தகராறு. இந்தக் கரையில் இருந்துகொண்டு அக்கரை ஆட்களோடு அப்பா சமாதானம் பேசினாராம். அக்கரையில் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டதாம்! அன்றிலிருந்து பஞ்சாயத்து, பிறகு தாலூகா போர்டு, பிறகு ஜில்லா போர்டு. நடுவில் ஒரு தடவை தோற்றார். அந்த வருஷம் அவருக்கு டைபாய்டு… வீடு வீடாகப் போக முடியவில்லை.

ஏனென்றால் எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வேட்பாளர் வாசலில் நின்று, "உங்க ஓட்டு எனக்கு" என்று தன் வாயால் கேட்க வேண்டும். ஆள் அனுப்பினால் செல்லாது. நோட்டீஸ் அடித்தால் அடுப்பு மூட்டுவார்கள். வேட்பாளருக்கு வேட்பாளர் வேறு நிறத்தில் ஓட்டுப்பெட்டி; வாயால் கேட்காதவனுடைய பெட்டியில் சீட்டு விழாது.

இப்போது சொல்லுங்கள் — பேசக் கூடாத மனிதர் எப்படிக் கேட்பார்?

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு சிலேட்டோடு கிளம்பினார். லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். முதல் ஊர் கோவில்பதாகை. வாசலில் நின்று கும்பிட்டார். வீட்டுக்காரர் காத்திருந்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கும்பிட்டார்.  திமிர் என்றல்லவா நினைப்பார்கள்!

உள்ளேயிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள். சிலேட்டைப் பார்த்தாள்.

"அடப் பாவிங்களா, இன்னா முழிச்சிகினு நிக்கிறீங்க? மெம்பரு மௌன விரதம் கீறாரு! பெரிய பெரிய தலைவருங்கல்லாம் இருக்காங்களே, அது!" என்று சொல்லிக்கொண்டே சடாரென்று அப்பா காலில் விழுந்தாள்.

அப்பா பதறினார். சிலேட்டில் 'இல்லை' என்று எழுதினார். அந்த வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது.

அப்பாவின் தேர்தல் ஏஜெண்டு கோதண்டம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். 'இல்லை' என்பதைப் படித்துவிட்டு, துண்டால் துடைத்துவிட்டார்.

"நீ சும்மா இரு அண்ணாத்தே. தானா வர்ற சீதேவிய ஏன் தொரத்துற?"

வேப்பம்பட்டுவரை செய்தி ரயிலுக்கு முன்னால் போய்விட்டது. தேசத்துக்காக மெம்பர் வாயைக் கட்டிவிட்டார்! போகிற இடமெல்லாம் ஆரத்தி. எதிர்த்து நின்ற பூந்தமல்லி ரைஸ்மில் முதலாளி மைக் செட் வைத்துக் கத்தினார், யாரும் கேட்கவில்லை. பேசிப் பேசி ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசாமலிருந்தால் இன்னும் சுலபமாக ஜெயிக்கலாம் போலிருக்கிறது — நம் அரசியல்வாதிகள் யாரும் முயன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரத்தி எடுக்க எடுக்க அப்பா ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டார். நான் கேட்டால் சிலேட்டில் 'அடுத்த வாரம்' என்று எழுதுவார். அடுத்த வாரமும் அதையே எழுதினார். சாப்பிடும்போது கவனித்தேன். முதலில் சோற்றைப் பிசைந்து விழுங்கினார். பிறகு கரைத்துக் குடித்தார். பிறகு கரைத்ததையும் பாதியில் வைத்தார். பிளேட்டில் நிழல் பெரிதாவதைப் பார்த்துப் பழகியவள் நான். இங்கே பிளேட்டே தேவைப்படவில்லை.

"கோதண்டண்ணே, இது விளையாட்டில்ல. அப்பா செத்துப்போவார்" என்றேன்.

"வாயில நல்ல வார்த்த வராதா தங்கச்சி? ஓட்டு முடியட்டும், நானே தூக்கிகினு போறேன்."

என்னைக் கேட்காமல் அவர் இன்னொன்றும் செய்தார். பூந்தமல்லிச் சந்தைத் திடலில், சாயங்காலம், ஜனங்கள் முன்னிலையில் எலுமிச்சம்பழ ரசம் குடித்து மெம்பர் விரதத்தை முடிப்பார் என்று தண்டோரா போட்டுவிட்டார்!

அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மைக் கிடையாது. அப்பாவின் கூட்டத்துக்கு மைக் வைக்கிற வழக்கமே இல்லை. ரசம் கொடுக்க முனியம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிலவரி கட்டுகிற விதவை, அதனால் சொந்தமாக ஓட்டு உள்ளவள். அப்பா டம்ளரை வாங்கினார். ஒரு மடக்கு. முகம் சுருங்கியது. கண்ணில் நீர்.

முனியம்மா டம்ளரைத் திரும்ப வாங்கவில்லை. அப்பாவின் கழுத்தையே பார்த்தாள்.

"மெம்பரே… முழுங்க முடியலையா? எங்கூட்டுக்காரரும் கடைசி வர்சம் இப்டித்தான் மூஞ்ச சுளிச்சாரு. இது விரதமா, வேற இன்னாவா?"

கோதண்டம் "பேச்சுக்கு நேரமாச்சு, நவுரு" என்று அவளை விலக்கப் பார்த்தார். அப்பா கையைத் தூக்கி அவரைத் தடுத்தார். மேடை ஓரத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏரிக்கு அக்கரைவரை பேசியவரின் கண்ணில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

"விரதமில்ல" என்றார். காய்ந்த ஓலை. "தொண்டைல கட்டி. சொல்ல பயமா இருந்துச்சு."

முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. அவர்கள் திரும்பிப் பின்னால் சொன்னார்கள். அவர்கள் அதற்குப் பின்னால். வரிசை வரிசையாகச் செய்தி போவதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ஆள் எழுந்தான்.

"அப்ப எங்க பெரிம்மா உன் கால்ல உழுந்துச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

"டேய், ஒக்கார்றா! மனுசன் சாவக் கெடக்கிறாரு" என்றது இன்னொரு குரல்.

"ஆஸ்பத்திரிக்குப் போ மெம்பரே! போர்டு எங்கயும் ஓடாது!" — இது முனியம்மா.

பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா கையைக் கூப்பினார்.

"உங்க ஓட்டு… எனக்கு."

அதுவும் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கோதண்டம் மேடைப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் முதல் ரயிலில் அப்பா என்னோடு வந்தார். நான் அழைக்கவில்லை. அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஓட்டுப்பதிவு அன்று வார்டில் படுத்திருந்தார். எத்தனை பேர் அவருடைய பச்சைப் பெட்டியைத் தேடிப் போனார்கள், எத்தனை பேர் காலில் விழுந்ததற்குப் பழிவாங்கினார்கள், யாருக்குத் தெரியும்? கோதண்டம் பார்க்க வந்தார். அப்பாவின் காலருகே உட்கார்ந்து, "நான்தான் அண்ணாத்தே அன்னிக்கு சிலேட்ட துடைச்சேன்" என்று அழுதார். அப்பா சிலேட்டை எடுத்து, 'நானும் மறுபடி எழுதவில்லையே' என்று எழுதிக் காட்டினார்.

இன்றைய நிலவரம்: பெட்டிகள் சீல் வைத்துத் தாலூகா ஆபீசில் இருக்கின்றன. அப்பாவின் தொண்டையில் எடுத்த துணுக்கு பரிசோதனை அறையில் இருக்கிறது. ஓட்டு எண்ணிக்கை திங்கட்கிழமை. ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை. அப்பா சிலேட்டில் திங்கட்கிழமையைப் பற்றித்தான் எழுதி எழுதிக் கேட்கிறார். செவ்வாய் என்று அவர் இதுவரை எழுதவில்லை, நானும் சொல்லவில்லை.