எஞ்சினுக்குப் பூசிய சந்தனம்

எங்கள் ஊரில் எது பழுதானாலும் முதலில் ஒரு பெண்ணைத் தேடுவார்கள். ஸ்பேனரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கணக்கு. எழுபதுகளின் பிற்பாதியில், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குப்பத்துக்கு முதன்முதலாக ஒரு படகு எஞ்சின் வந்தபோது நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

எஞ்சினைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. கொஞ்ச காலம் சென்னைத் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தவர், யாரோ கழித்துப் போட்டதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். படகின் பின்பக்கம் மாட்டி, கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுத்தால் கிளம்பும். மண்ணெண்ணெய்க்கு அதன் தலையிலேயே ஒரு தொட்டி, அதற்கு ஒரு திருகு மூடி. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே படகுதான். அதை ஊர் ஓரத்துப் பழைய கோட்டையை ஒட்டி, கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் கழியில் கட்டி வைத்திருப்பார்கள். முதல் சில நாட்கள் எஞ்சின் போட்ட சத்தத்தில் ஊரே கரைக்கு வந்து நின்றது. துடுப்புப் போட்டே கை காய்த்தவர்கள் எல்லாரும் சித்தப்பாவை ஒரு மாதிரி பார்த்தார்கள். பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்குப் பக்தி கொஞ்சம் தாராளம். எஞ்சினை ஒரு சாமியாகவே பாவித்து அதன் தலை, தோள், மூடி எல்லாவற்றிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டினார். அதே வெள்ளிக்கிழமைதான் சித்தப்பாவின் மனைவி, என் சித்தி, சோறு எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. திருப்போரூர்ப் பக்கத்தில் மீன் வியாபாரம் செய்கிற குடும்பம் அவளுடையது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தையில் நான்கு பேரிடம் வாய் கொடுத்து வளர்ந்தவள். வரும் வழியில், கடற்கரை மணலில் படர்கிற இராவணன் மீசைப் புல்லின் முள் காலில் ஏறிவிட்டது. கூடையை இறக்கி வைத்தாள், படகின் விளிம்பில் உட்கார்ந்தாள், முள்ளைப் பிடுங்கிப் போட்டாள், எழுந்து போனாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறக் கூடாது, உட்காரக் கூடாது, வலையைத் தாண்டக் கூடாது. நான் வயதுக்கு வராத பெண் என்பதால் எனக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. படகுக்குள் குதித்து ஆடிக்கொண்டிருப்பேன், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சித்தி உட்கார்ந்ததை மட்டும் நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து எஞ்சின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கயிற்றை இழுத்து இழுத்துச் சித்தப்பாவின் உள்ளங்கை வீங்கியது. ஒருவழியாகக் கிளம்பினால் முகத்துவாரம் வரைக்கும் ஒழுங்காகப் போகும், அலை தாண்டுகிற நேரம் பார்த்து வேகம் குறைந்து, முனகி, நின்றுவிடும். எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று சித்தப்பா மூடியைத் திறந்து பார்ப்பார். எண்ணெய் இருக்கும். மூடிவிட்டு இழுத்தால் மறுபடி கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி முனகும். அலைக்கு நடுவே எஞ்சின் நின்ற ஒரு காலையில் படகு கவிழ இருந்தது. அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் சித்தியை ஒரு பார்வை பார்த்தார்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். வயலில் பம்புசெட் பார்க்கிறவர். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கார்புரேட்டரை வாயால் ஊதினார், தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் சுற்றியிருந்த பாசியையும் நூலையும் அறுத்துப் போட்டார். தொட்டி மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படகைக் கட்டிப்போட்டபடியே எஞ்சினை ஓட விட்டார். அது ராஜா மாதிரி ஓடியது. ஒரு டீ குடித்து முடிக்கிறவரை ஓடியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "மெசின்ல ஒரு கோளாறும் இல்ல. நல்லாத்தான் கீது," என்று சொல்லி, மூடியை இறுக்கித் திருகிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அலையில் மறுபடி நின்றது. இப்போது ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மெஷினில் கோளாறு இல்லை என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். அப்படியென்றால் கோளாறு யாரிடம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் எங்கள் ஊர் எப்போதும் காக்கையைத்தான் பிடிக்கும். தீட்டுக் கழிக்க அப்பா மேலும் ஒரு பூசை போட்டார். அது போதவில்லை என்று கங்கையம்மன் கோயிலிலிருந்து சந்தனம் வாங்கி வந்து இன்னொரு பூச்சு. எஞ்சின் மோசமாக ஆக ஆகச் சந்தனம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தொட்டி மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பிறகு பஞ்சாயத்து கூடியது. கழிக்கரையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் படகுக்குள் இருந்தேன். ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் தான் சொன்னது தவறாக இருக்கலாம் என்ற எண்ணமே வாழ்நாளில் அவருக்கு வந்ததில்லை. எஞ்சின் சரியாகிறவரை சித்தியைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்றார். அப்பா தலையாட்டினார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வராதவள் எங்கள் தெருவிலேயே ஒருத்தி உண்டு. அவளுடைய புருஷனுக்கு அடுத்த தையில் வேறு பெண் பார்த்தார்கள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு விரலால் மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி ஆண்களுக்கு நடுவிலேயே நடந்து வந்தாள். அவர்கள் வழி விட்டார்கள். விடாவிட்டால் மிதித்திருப்பாள். நேராகத் தண்ணீரில் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படகில் ஏறி என் பக்கத்தில் நின்றாள்.

"ஒக்காந்ததுக்குத்தான மாமா இம்மாம் பேச்சு? இப்ப ஏறியே நிக்கிறேன். கங்கையம்மா என்னை இன்னா பண்றான்னு பாத்துடலாம்," என்றாள் நாட்டாரைப் பார்த்து.

அவள் எஞ்சினைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து வெடித்திருந்த அந்தச் சந்தனம் முழுவதும் தன் பேரைச் சொல்லிப் பூசியது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் கழித் தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். தேங்காய் நாரால் சட்டியைத் தேய்க்கிற மாதிரி, முந்தானையைச் சுருட்டித் தேய்த்தாள். என் பேர்ல பூசுன பொட்டு ஒண்ணுகூட இதுல இருக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. தொட்டி மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தது. அதற்குள்ளும் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. விட்டாளா? கொண்டையிலிருந்து ஊசியை உருவி அதையும் குத்திக் குத்தி எடுத்து ஊதினாள். கூந்தல் அவிழ்ந்து விழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை. பிறகு கயிற்றைச் சுற்றிச் சித்தப்பாவிடம் நீட்டி, "இஸ்து வுடு," என்றாள்.

சித்தப்பா எழுந்தார். அப்பாவைப் பார்த்தார், நாட்டாரைப் பார்த்தார், அங்கேயே நின்றார். சித்தி கொஞ்ச நேரம்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் தானே காலை ஊன்றி இழுத்தாள். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் கத்திக்கொண்டு கிளம்பியது.

அது முனகுவதற்காக ஊரே காத்திருந்தது. பீடி பற்றவைத்தவர்கள் பீடியை முடித்தார்கள். எஞ்சின் முனகவில்லை. அப்பா கடைசியில் தாங்காமல் படகில் ஏறி, சித்தியை இறக்கிவிட்டு, முகத்துவாரம் தாண்டி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். வரும்போதும் அதே வேகம். நான் எழுந்து நின்று கூத்தாடினேன். நாட்டார் மட்டும் அசரவில்லை. தீட்டுப் பட்ட கையாலேயே கழுவியதால் தோஷம் கழிந்துவிட்டது, இனி அந்தப் பெண் இங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பை மாற்றிச் சொன்னார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

மறுநாள் காலையில் சித்தி தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், நீதான் ஜெயிச்சிட்டியே, இப்பதான் யாரும் உன்னைப் போவச் சொல்லலியே என்று அழுதேன்.

"யாரும் சொல்லல. அதான் போறேன்," என்றாள்.

சித்தப்பா அன்றிலிருந்து கடலுக்குப் போகவில்லை. படகிலேயே உட்கார்ந்து எஞ்சினை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மூடியின் துளைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சற்று நேரத்தில் எஞ்சின் வேகம் குறைந்து முனகியது. விரலை எடுத்ததும் மூச்சு வந்தது போல எழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி முனகியது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாது, காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும் என்பது எங்கள் ஊரில் ரேஷனுக்குப் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தொட்டிக்குள் காற்றுப் போகிற அந்த ஒரே வழியைத்தான் இத்தனை நாளும் பக்தியோடு அடைத்து வைத்திருந்தார்கள்.

அன்றே ஓடினார் திருப்போரூருக்கு. உன்மேல ஒரு குத்தமும் இல்ல, எல்லாம் அந்த ஓட்டைதான் என்று மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறார். "நான் இல்லன்னு உனுக்கு ஓட்டை வந்து சொல்லணுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம் சித்தி. இதைப் பல வருஷம் கழித்து அவளே மீன் அரிந்துகொண்டே சொன்னாள். அடுத்த தடவை அவர் ஓட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். வாசலில் அவளுடைய அண்ணன்மார் முன்னால் நின்று, அன்றைக்குக் கரையில் நான் பேசியிருக்கணும் என்று மட்டும் சொன்னாராம். அப்புறம்தான் பெட்டியை எடுத்தாளாம்.

ஆனால் அவள் பஸ் ஏறிப் போன அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தியைத் துரத்தியது நாட்டார்தான் என்று நினைத்தேன். சாயங்காலம் பாவாடை நிறையக் கல் பொறுக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு ஓட்டின்மேல் ஒவ்வொன்றாக எறிந்தேன். இரண்டு ஓடு உடைந்தது. அடிக்க வந்த அம்மாவிடம், எங்க சித்திய அனுப்பிட்டாரு, எறியத்தான் எறிவேன் என்று கத்தினேன். கல் எறிய வேண்டிய வீடு எங்கள் வீடுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.