கை நனைத்த வீடு

கோவில்பதாகை நாகப்பன் இறந்தபோது அவர் வாயில் யாரும் பால் ஊற்றவில்லை. ஊர் வழக்கப்படி ஊற்றுவதற்காக நான்தான் கிண்ணத்தோடு நின்றேன். அவர் மகள் தாட்சாயிணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, செம்பிலிருந்து மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டாள். பால் விற்றே குடும்பம் நடத்திய மனுஷனுக்குப் போகிற வழிக்கு ஒரு வாய்ப் பால் இல்லையா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கான பதிலை ஆறு மாதம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

நாகப்பன் எனக்கு அக்காள் புருஷன். நான் ஆவடி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. அதனால் அவரை தினமும் இரண்டு வேளை பார்ப்பேன். விடியற்காலை வண்டியில் இரண்டு பால் குடங்களோடு பட்டணம் போவார். வேப்பேரியில் நாலைந்து வீடுகள், சூளையில் ஒரு காபி கிளப் என்று ஊற்றிவிட்டு, மத்தியான வண்டியில் காலிக் குடங்களோடு திரும்புவார். அந்த கிளப் முதலாளி நல்ல மனிதர். காபி குடித்துவிட்டுப் போ, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போ என்று வாய் ஓயாமல் கூப்பிடுவார். இவர் சிரித்துவிட்டு பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்துக்கு வந்து, என் அக்காள் முத்தம்மாள் கட்டிக்கொடுத்த சோற்றை அவிழ்ப்பார். அதில் பாலோ தயிரோ நெய்யோ ஒரு சொட்டு இருக்காது.

முன்பு அப்படி இல்லை. மோர் இல்லாமல் அவருக்குக் கூழ் இறங்காது. எல்லாம் இருபத்தேழாம் வருஷம் வைகாசியில் மாறிப்போனது. அப்போது வீட்டில் கறவையில் இருந்தது ஒரே ஒரு பசு. கன்று போட்டு இருபது நாள். பட்டணத்தில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். கேட்ட இடத்துக்கெல்லாம் பால் ஒப்புக்கொண்டார். கன்றுக்கு ஒரு காம்பை விட்டுக் கறப்பதுதான் வழக்கம். அந்த மாதம் நாலையும் கறந்தார். கன்றுக்குக் கழுநீர் காட்டினார்கள். ஒருநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

கன்று இல்லாவிட்டால் பசு பால் இறக்காது. அதற்கு எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டுப் பசுவுக்கு முன்னால் வைத்தார். பசு அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. இரண்டு மாதம் இப்படிக் கறந்தார். நக்கி நக்கிக் கழுத்துத் தையல் விட்டுப்போய், ஒருநாள் உள்ளே இருந்த வைக்கோல் வெளியே வந்தது. பசு கொஞ்ச நேரம் அதையும் நக்கியது. பிறகு பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. அவர் பாதிக் கறவையில் எழுந்துவிட்டார். தோலை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அக்காள் கூழில் மோர் ஊற்ற வந்தபோது கலயத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். கோயிலில் போய் சத்தியம் செய்யவில்லை, யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவருடைய விரதம்.

பால் விற்பதை மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு பிறந்த கன்றுகளுக்கு இரண்டு காம்பு விட்டார், மிச்சத்தைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு ரயில் ஏறினார். இது வேஷம் இல்லாமல் வேறென்ன மாமா என்று ஸ்டேஷனில் வைத்தே நான் கேட்டிருக்கிறேன். என் வாய்க்கு எப்போதும் பூட்டுக் கிடையாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"வித்தா ஊட்ல மூணு வயிறு ரொம்புது மச்சான். குடிச்சா என் நாக்குக்கு மட்டுந்தானே" என்றார்.

யாரும் சொல்லாமலே அக்காளும் விட்டுவிட்டாள். மல்லாக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து அதில் கீரை கடைவாள். பொங்கலுக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். மோருக்குப் பதில் புளித்த நீராகாரத்தில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போடுவாள். அவர் ரயிலுக்கு எடுத்துப்போகும் எள்ளுப்பொடிச் சோற்றை நானும் பங்கு கேட்டுத் தின்றிருக்கிறேன். குறையாக எதுவும் தெரியாது. மகளுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. தாட்சாயிணிக்குத் தயிர் என்றால் உயிர். அவளுக்கென்று உறியில் ஒரு சட்டித் தயிர் எப்போதும் தொங்க வேண்டும், அது அவர் உத்தரவு.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? தைப்பொங்கலன்று எல்லா வீட்டிலும் பானையில் பால் பொங்கும்போது, இவர்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் பொங்கியது. பால் பொங்காத வீடு என்று பேர் வந்தது. அந்த வீட்டில் பெண் எடுத்தால் விளங்குமா என்று பேச்சு வந்தது. தாட்சாயிணிக்குப் பேசிய இரண்டு சம்பந்தம் இதனாலேயே தட்டிப்போனது. அவளுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அது பெற்றவர்களைத் தூங்கவிடாத வயது.

மூன்றாவதாக ஐயப்பன்தாங்கலிலிருந்து கேட்டு வந்தார்கள். பையன் ஜெயராமன், பூந்தமல்லியில் வண்டிப் பட்டறை வைத்திருந்தான். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், நாங்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகவேண்டிய முறை. சம்பந்தம் பேசி முடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது, ஒரு வாய்கூடச் சாப்பிடக்கூடாது. வெற்றிலைபாக்கு மாற்றிய பிறகு கை நனைக்காமல் எழுந்திருக்கவும் கூடாது. எழுந்தால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம். கிளம்பும்போது அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமா பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள். அங்கே எதைப் போட்டாலும் அவர் தின்றுவிட்டு வரவேண்டும், அது உன் பொறுப்பு என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாட்டுவண்டியில் போனோம். வழியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இறங்கி, கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அவர் பருக்கை பருக்கையாகத் தின்றார். மத்தியானம் என்ன போடுவார்களோ என்றார். என்ன போட்டால் என்ன மாமா, ஒரு வேளைதானே என்றேன். ஒரு வேளைதானே என்று நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

பேச்சு சுமுகமாக முடிந்தது. இலை போட்டார்கள். சோறு வைத்துப் பருப்பு விட்டதும், மாப்பிள்ளையின் தாயார் பொன்னியம்மா தன் கையாலேயே நெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நாகப்பனின் கை தானாக எழுந்து சோற்றை மூடிக்கொண்டது. அந்த அம்மாள் புரியாமல் நின்றாள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பன், எங்கள் வீட்டு நெய் ஆகாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்புத்தான், ஆனால் பந்தியில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். நாகப்பன் வாயைத் திறந்தார். சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பால் பொங்காத வீடு என்ற பேச்சு இங்கேயும் வந்துவிடும், இதுவும் போய்விடும் என்று பதறி, யாருக்கும் தெரியாமல் அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்தார்.

நெய் விழுந்தது. தின்றார். பாயசம் குடித்தார். தயிர் இரண்டு தரம் வாங்கிக்கொண்டு, "தயிரு நல்லா கீதும்மா" என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

திரும்பும்போது அதே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தண்ணீரில் இறங்கி வாய் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். நான் கூப்பிட்ட பிறகுதான் கரையேறினார். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றபடியே, கை நனைச்சுட்டு வந்தேன் என்று அக்காளிடம் சொன்னார். அவளுக்கு வேறெதுவும் கேட்கவேண்டி இருக்கவில்லை. உள்ளே கதவோரம் தாட்சாயிணி நின்றிருந்தாள்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. நாகப்பன் பழையபடி அக்காள் சமையலையே தின்றார், ஆனால் மனிதர் ஒடுங்கிப்போனார். யாராவது அவரை நல்ல விரதக்காரர் என்று சொன்னால், நானும் தின்னவன்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

மறு வருஷம், தாட்சாயிணிக்கு ஏழாம் மாதம். அவளைப் பிள்ளைப்பேற்றுக்கு அழைத்துவர நாங்கள் இருவரும் ஐயப்பன்தாங்கல் போனோம். போய் உட்காருவதற்குள் பொன்னியம்மா குறைசொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெண் பால் தயிர் தொடுவதில்லையாம். வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் மாட்டேன் என்கிறாளாம். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லையாம். நீங்களாவது கேளுங்கள் என்று சொல்லி, ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

நாகப்பன் மகளைப் பார்த்தார். தயிருக்காக அழுது புரண்ட பெண் அவள்.

"எனக்கோசரந்தான நைனா நீ தின்னே" என்றாள் தாட்சாயிணி. "அதுக்குப் பதிலா நான் வுட்டுட்டேன்."

அவர் அழுதார். கன்று செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. வயிற்றில் இருப்பது பசியோடு இருக்கக்கூடாது, குடி என்று கெஞ்சினார். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"நீ ஏன் வுட்டேன்னு இவங்ககிட்ட உன் வாயால சொல்லு. ஒரு வாட்டி தின்னதால அது போயிடலன்னு சொல்லு. நான் குடிக்கிறேன்."

அவர் சம்பந்தி அம்மாளிடம் சொன்னார். நாலு காம்பையும் கறந்தது, கன்று எழுந்திருக்காமல் போனது, பசு வைக்கோலைத் தின்றது, எல்லாம் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வராத கதை, தடுமாறித் தடுமாறி வந்தது. கடைசியில், இன்னும் விட்டவன்தான், சாகிறவரை விட்டவன்தான் என்றார். தாட்சாயிணி டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

பொன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நெய்க் கிண்ணத்த உள்ள எடுத்துகினு போயிருப்பேனே சம்மந்தி. இதுக்கா பொண்ணு வேணாம்னு சொல்லப்போறோம்? ஏன் சொல்லல?"

நாகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, பயந்துட்டேம்மா என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று அவர் முழங்காலைப் பிடித்து அழுத்தியது யார் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். சாகும்வரை அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.