ஏரிக்கரையில் கேட்காமல் விட்ட வீடு

சென்ற மாதம் பத்மா அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். வேலைக்குப் போகும் வழியில், லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்தில் மாரடைப்பு. அவர் கணவர் பரராசசிங்கம் அண்ணா இல்லாத பியோர்ண்டால் எனக்குப் பழகப்போவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து நோர்வேக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்த புதிதில், பியோர்ண்டாலில் அவர்களுக்கு அடுத்த வீட்டில் குடியேறினேன். "படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள்" என்று என் தமிழைக் கேலி செய்த அண்ணா, அன்றே சாப்பிடவும் அழைத்தார். சமையலறைச் சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், கனடாவின் புல்வெளிப் பகுதி ஒன்றின் பழைய நிலவரைபடம் ஒட்டியிருந்தது. நடுவே ஓர் ஏரி. சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளைக் குறிக்கும் கறுப்புப் புள்ளிகள்.

அவருடைய தம்பி யோகராசா ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரர் மூலம் கனடாவுக்குப் போனவர். கடைசியாகப் பேசியபோது அந்த ஏரியின் பெயரைச் சொல்லி, "கரையிலை ஒரு வீட்டிலை நிக்கிறன் அண்ணை, சுத்திவரப் புல்லுத்தான்" என்றாராம். அதன்பிறகு பேச்சே இல்லை. அந்தப் பக்கம் உறவினர் குடிபெயர்ந்திருந்த நோர்வீஜிய சக ஊழியர் ஒருவர் இந்த வரைபடத்தை அண்ணாவுக்குக் கொடுத்திருக்கிறார். பாதி வீடுகள் இப்போது இருக்காதே என்றேன்.

"ஓம், வீடு இல்லாமல் போகும். ஏரி எங்கை போறது?" என்றார்.

ஆங்கிலம் பேச நான் வாய்த்தேன். ஞாயிறு மாலைகளில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி அழைப்போம். ஒரு வீட்டார் தெரியாது என்று சொல்லி, அடுத்த வீட்டாரின் எண்ணைத் தருவார்கள். அண்ணா அந்தப் புள்ளியைப் பென்சிலால் வெட்டுவார். வடகரையில் ஒரே ஒரு வீடு மிஞ்சியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விடுங்கோ தம்பி. அங்கையும் இல்லையெண்டால் நான் பிறகு எங்கை தேடுறது?"

அந்த ஒரு வீட்டை நம்பித்தான் வருடக்கணக்காகத் தம்பிக்கு எந்த ஈமக் காரியமும் செய்யாமல் இருந்தார். உறவினர்கள் பேச்செடுத்தால், "இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ?" என்று சீறுவார். எனக்கும் சில வேளை எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

தகனம் முடிந்த மறுநாள், "இப்ப அந்த வீட்டுக்குக் கோல் எடுங்கோ தம்பி" என்றார் அக்கா. எண் வரைபடத்தின் ஓரத்திலேயே இருந்தது. ஒரு முதிய பெண்மணி பேசினார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறாராம். அப்படி யாரும் வந்ததில்லையாம். அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பென்சிலை எடுத்துத் தானே வெட்டினார்.

நேற்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயர் பெயர் கேட்டார். அக்கா கணவரின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "யோகராசா" என்றும் சொன்னார்.

எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டோம், அண்ணா. இனித் தேட இடமில்லை. சென்று வாருங்கள்.