படித்திருப்பத்தில் நிற்பவருக்கு நாலாயிரம்

ஊருக்கே அக்காவான றலியா ராத்தா ஒரு கந்தோரைப் பார்வையிடப் போனால் மேசை கதிரைகளை முதலில் பார்ப்பதில்லை. படிகளை எண்ணுவார். எத்தனை படி, எத்தனை திருப்பம், திருப்பத்தில் வெளிச்சம் இருக்கிறதா, லொறி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றெல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டு, திகன சந்தியில் இருக்கும் என் டைப்பிங் கடைக்கு வந்து உட்காருவார். மூடிப்போகும் கந்தோர்களின் அலுவலகச் சாமான்களை எல்லாம் இறக்கி, இடத்தை ஒட்ட ஒழித்துக் கொடுப்பது அவருடைய தொழில். அதற்கான விலைமனுக்களை டைப் செய்வது என்னுடைய தலையெழுத்து. ஒரு விலைமனுவை நாலு தரம் மாற்றாமல் அவர் எழும்பியதே கிடையாது.

எனக்கு எரிச்சல் வந்தாலும், கண்டியில் இந்த வேலைக்கு விலை சொல்வது லேசான காரியம் இல்லை என்பது தெரியும். ஆட்கூலி, லொறி, குப்பை கொட்டுவதற்கான கட்டணம், சாக்கு, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் டவுனுக்குள் லொறி அசையாது. அசையாமல் நின்ற நேரத்துக்கும் டிரைவர் காசு கேட்பார், அதையும் கூட்ட வேண்டும். பிறகு, எடுக்கிற சாமானில் விற்கக்கூடியது எவ்வளவு என்று மதித்து அதைக் கழிக்க வேண்டும். கந்தோர்க்காரர்களோ தங்களுடைய உடைந்த கதிரைகளை எடுத்துப்போக ராத்தாதான் அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற நினைப்பில் இருப்பார்கள்.

ராத்தாவின் விலைமனுவில் வேறு யாருடையதிலும் இல்லாத ஒரு வரி இருக்கும். "படித்திருப்பத்தில் நிற்பவர், ஒருவர், ரூபா 4,000." இந்த ஆள் எதையும் தூக்கமாட்டார். அலுமாரியைச் சுமந்து இறங்குகிறவனுக்கு முன்னால் எதுவும் தெரியாது. எங்கே காலை வைப்பது, எந்தப் பக்கம் சரிப்பது என்று சொல்வதும், கீழேயிருந்து வருகிறவர்களை நிறுத்துவதும்தான் இவருடைய வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்பு ராத்தாவின் கணவர் ஸமீம் நானா ஒரு கட்டடத்தில் இரும்பு அலுமாரி இறக்கும்போது, திருப்பத்தில் அது சறுக்கி அவருடைய வலது பாதத்தை நசுக்கிவிட்டது. அன்று அந்தத் திருப்பத்தில் யாரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு நானா வீட்டு வாசலில் மரக்கறி விற்கிறார். ராத்தா வேலைக்கு இறங்கினார். அந்த வரியைப் படிக்கிற மனேஜர்மார் எல்லோரும் முதலில் கேட்பது, சும்மா நிற்கிறவனுக்கு எதற்குக் கூலி என்பதுதான்.

நாலு வருஷம் அவர் கண்டியில் ஒரு துப்புரவுக் கொம்பனியின் கீழ் ஆள் பிடித்துக் கொடுத்தார். உழைப்பு அவருடையது, இலாபம் அவர்களுடையது. தனியாகச் செய்யலாம் என்று போன இடமெல்லாம், முன்பு செய்த வேலைக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வேலை இல்லாமல் கடிதம் இல்லை, கடிதம் இல்லாமல் வேலை இல்லை. அந்த ஒரு கடிதத்துக்காக மனுஷி பட்ட அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், மூடப்போகும் ஒரு நிதிக் கொம்பனியின் கிளை அகப்பட்டது. மனேஜர் விவேகானந்தன், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குக் கட்டடச் சொந்தக்காரர் வந்து கதவுகளைப் பூட்டித் திறப்பை வாங்குவார். அதற்குள் மூன்றாம் மாடி காலியாகிவிட்டால் காசும் கடிதமும் கிடைக்கும். ஆகாவிட்டால் இரண்டும் இல்லை.

ராத்தா கணக்குப் போட்டார். செலவு தொண்ணூறாயிரம். இருபத்திரண்டு இரும்பு அலுமாரியும் முப்பது கதிரையும் விற்றால் அறுபதாயிரம் வரும். ஐம்பத்து நாலாயிரம் கேட்டார். விவேகானந்தன் நான் டைப் செய்த தாளை வாங்கி, படித்திருப்பத்தில் நிற்பவரைச் சிவப்புப் பேனையால் வெட்டி, ஐம்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்தார். ராத்தா அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். வழக்கமாகத் திருப்பத்தில் நிற்கும் பன்வில ஊர்க்காரர் மூக்கையாவின் கூலியைத் தன் இலாபத்திலிருந்து கொடுத்துக்கொள்வதாக என்னிடம் சொன்னார். நான் புதுத் தாள் போட்டேன்.

பிழை நடந்தது அங்கே இல்லை. துப்புரவுக் கொம்பனியில் இருந்தபோது, விலை பேசிய அன்றே அங்கத்தைய சுப்பர்வைசர் ஒவ்வொரு சாமானிலும் ஸ்டிக்கர் ஒட்டி, மனேஜரிடம் பட்டியலில் கையெழுத்து வாங்குவானாம். அது பெரிய ஆள் என்று காட்டுகிற வேலை என்று ராத்தா நினைத்திருந்தார். தன்னுடைய முதல் வேலையில் அதைச் செய்யவில்லை.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு ஆறு ஆட்களோடு மூன்றாம் மாடிக்கு ஏறினால், அலுமாரி ஐந்துதான் இருந்தது. கதிரை ஒன்றுகூட இல்லை. காணாமல் போன அலுமாரிகளுக்குள் இருந்த பாவிக்காத படிவங்களும் பழைய கலண்டர்களும் பைல் மட்டைகளும் முழங்கால் உயரத்துக்கு நிலத்தில் கொட்டிக் கிடந்தன. விற்கிற சாமான் போய், சுமக்கிற சாமான் மட்டும் மிஞ்சியிருந்தது. ராத்தா அதன் நடுவில் நின்று மனதுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தார். இருபதாயிரம் இலாபம் என்று நினைத்தது முப்பதாயிரம் நட்டமாகியிருந்தது.

"சேர், அலுமாரி இருபத்திரெண்டு ஈந்திச்சே?" என்று கேட்டார்.

விவேகானந்தன் மறைக்கவில்லை. "நான்தான் குடுத்தனான். இஞ்ச வேலை செய்யிற பெடியளுக்கும் பிள்ளையளுக்கும் மூண்டு மாசமாச் சம்பளம் இல்லை. வேலையும் போயிட்டுது. ஏதாவது கொண்டு போகட்டும் எண்டு விட்டிட்டன். உங்களுக்குச் சொல்லாதது என்ர பிழை." கூடக் காசு தருவதற்குத் தலைமைக் கந்தோரைக் கேட்க வேண்டும், அவர்கள் இரண்டு நாளாகத் தொலைபேசியையே எடுப்பதில்லை என்றும் சொன்னார்.

நானாக இருந்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பேன். ராத்தாவுக்கு வந்த கோபமும் கொஞ்சமல்ல. ஆனால் இறங்கினால் கடிதம் போய்விடும். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொன்னார்.

கடதாசிகளைச் சாக்கில் கட்டுவதற்கே கை போதவில்லை. மூக்கையாவும் அதற்கு உட்கார வேண்டியதாயிற்று. தோள் வருத்தக்காரர், சாக்குக் கட்டலாம், தூக்க முடியாது. அப்படியானால் திருப்பம் காலி. ஒரு நாளைக்குத்தானே, யாரும் நிற்காமலே இறக்கிவிடலாம் என்று தூக்குகிறவர்கள் சொன்னார்கள். ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. யன்னலோரம் தொலைபேசியோடு நின்ற மனேஜரிடம் போனார்.

"சேர், நீங்க வந்து படியில நில்லுங்க."

"நானோ?"

"வேற ஆள் இல்ல."

அவர் கழுத்துப் பட்டியோடு போய் நின்றார். முதல் அரை மணித்தியாலம் ஒரு கண் படியிலும் ஒரு கண் தொலைபேசியிலுமாக இருந்ததாக மூக்கையா பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது அலுமாரி இறங்கும்போது, முதலாம் மாடிப் பல் வைத்தியரிடம் வந்த ஒரு கிழவி வழி தவறி மேலே ஏறி வந்திருக்கிறார். சுமந்தவர்களுக்கு அவர் தெரியவில்லை. விவேகானந்தன் கட்டடமே கேட்கக் கத்தி அவர்களை நிறுத்தி, கிழவியைச் சுவரோடு ஒதுக்கி, பிறகு கையால் அலுமாரியின் மூலையைக் காட்டிக் காட்டி இறக்கினார். அதோடு தொலைபேசி காற்சட்டைப் பைக்குள் போனது. பட்டியும் கழன்றது. "இடப்பக்கம், இன்னும் ரெண்டு படி, இப்ப சரியுங்கோ" என்ற சத்தம் பின்னேரம் வரை நிற்கவில்லையாம்.

மூன்று மணிக்கு ராத்தா என்னைத் தொலைபேசியில் அழைத்து, கடிதத்தை டைப் செய்து கொண்டு வரச் சொன்னார். வாகன நெரிசலில் அகப்பட்டு நான் கண்டிக்குப் போய்ச் சேர நாலரை. கடைசிச் சாக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. திருப்பத்தில் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நின்ற மனுஷரை மனேஜர் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. தள்ளி நிற்கச் சொல்லி என்னையும் அதட்டினார்.

ஐந்து மணிக்குச் சொந்தக்காரர் வந்து வெறும் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திறப்பை வாங்கினார். மேசை ஒன்றும் இல்லாததால் விவேகானந்தன் கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டு, பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்தினார். ஐம்பதாயிரத்துக்கான காசோலையும் கொடுத்தார். ராத்தா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

கீழே லொறிக்குப் பக்கத்தில் நின்று, கையோடு கொண்டுவந்த காசில் ஆட்களுக்குக் கூலி கொடுத்தார். ஆறு பேருக்கும் கொடுத்து முடித்த பிறகு இன்னும் நாலாயிரத்தை எடுத்து விவேகானந்தனிடம் நீட்டினார். முப்பதாயிரம் நட்டத்தில் இது வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்தாவின் கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார் அவர். "நான் சும்மா நிண்டனான்."

"சும்மா யாரும் நிக்கிறல்ல, சேர். அது வேலைதான்."

மனேஜருக்கும் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கும் எங்கேயாவது வேலை இருக்கிறதா என்று ராத்தாவிடம் கேட்டார்.